மரவில் பிழை நீக்கும் வழிமுறை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மரவில்லில் பிழை கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று. அரம் படவேண்டிய இடம் பெரும்பாலும் வேறொன்று. ஓரிடம் அளவுக்கு மீறி வளைகிறதென்றால், அதை அடுத்துள்ள பகுதி வளைய மறுத்துத் தன் பங்குச் சுமையையும் அதன்மேல் ஏற்றிவிட்டது என்று பொருள். இதை உணராமல், வளைந்த இடத்தையே மேலும் சுரண்டிப் பாழாக்கிய வில்களைப் பெங்களூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மரமும் பல வார உழைப்பும் அப்படி வீணாவதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஆகவே நீங்கள் காணும் அறிகுறி எது, அதன் காரணம் எங்கே இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சில பெயர்கள். எய்பவருக்கு எதிர்ப்புறமாக, இலக்கை நோக்கி இருக்கும் பரப்பு வில்லின் முதுகு. எய்பவரை நோக்கி இருப்பது வயிறு. பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை மேல்கை, கீழ்கை என்றும், பொதுவாகக் கை என்றும் குறிப்பிடுகிறேன். நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு அழுத்தப்படுகிறது. மரம் பொதுவாக இழுவிசையை நன்றாகத் தாங்கும். அழுத்தத்தைத் தாங்கும் திறன் அதைவிட மிகக் குறைவு. எனவே ரேகை (மரநார் ஓடும் போக்கு) அறுபடாத மரத்தில் முதலில் களைத்துப்போவது வயிறுதான். தேய்ப்பதும் எப்போதும் வயிற்றுப் பக்கத்தில்தான்; முதுகை முடித்த பிறகு அதில் இழைப்புளி படக்கூடாது.

இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். கையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறுகிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனத்தில் அதே பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பு ஏறத்தாழ 27 சதவீதம் போய்விடும். கடைசிக் கட்டத்தில் அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஓரிடம் மட்டும் மடிந்ததுபோல் வளைகிறது

கதவுக் கீல் இருக்கும் இடத்தில் கதவு திரும்புவதைப்போல, கை முழுவதும் நேராக நிற்க ஓரிடம் மட்டும் மடிகிறது. இதைக் கண்டவுடன் நாணை மேலும் இழுப்பதை நிறுத்துங்கள். மடியும் இடத்தை இனி எந்தக் கருவியாலும் தொடக்கூடாது. அதன் இருபுறமும் உள்ள விறைப்பான பகுதிகளைத்தான் மெலிக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது வில்லின் இழுவை எடை, அதாவது நாணை முழு நீளத்துக்கு இழுக்கத் தேவைப்படும் விசை, குறையும். அதற்கு வேறு வழி கிடையாது. 45 பவுண்டுக்குத் திட்டமிட்ட வில் 38 பவுண்டில் சீராக வளைந்தால் அது நல்ல வில். 45 பவுண்டில் கீலோடு நிற்பது ஒருநாள் உடையப்போகும் வில்.

எந்த இடம் விறைப்பு, எந்த இடம் மெலிவு என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். வில்லின் பக்கவாட்டு வடிவம், கணு, பின்னணியில் உள்ள சுவர் எல்லாமே கண்ணை ஏமாற்றும். சுமார் 6 அங்குல நீளமுள்ள, ஒரு விளிம்பு துல்லியமாக நேராக உள்ள சிறு கட்டையை எடுத்து, அதன் நடுவில் துளையிட்டுப் பென்சில் ஒன்றைச் செருகுங்கள். பென்சிலை உள்ளும் வெளியும் நகர்த்திப் பூட்ட ஒரு திருகு வையுங்கள். வில்லை நாணேற்றி, டில்லர் மரத்தில் (வில்லின் பிடியைத் தாங்கி, நாணை இழுத்து நிறுத்தி வளைவைப் பார்க்க உதவும் கட்டையில்) மாட்டி, சில அங்குலம் இழுத்து நிறுத்துங்கள். கட்டையின் நேர்விளிம்பை வயிற்றின்மேல் வைத்தால் இரு முனைகளும் மரத்தைத் தொடும். நடுவில் சிறு இடைவெளி இருக்கும். கை மிகுதியாக வளையும் இடத்தில் அந்த இடைவெளி மிகுதி. அங்கே பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பூட்டிவிட்டு, கட்டையைப் பிடியிலிருந்து நுனி வரை மெதுவாக நகர்த்துங்கள். விறைப்பான இடம் வந்ததும் பென்சில் தானாகக் கோடு கிழிக்கும். கோடு விழுந்த இடங்களை மட்டும் சுரண்டி, கோடு மறைந்ததும் நிறுத்தி, மறுபடி அளவெடுங்கள். வெள்ளை மரத்தின்மேல் அந்தச் சாம்பல்நிறக் கோடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறிக் குட்டையாவதைப் பார்க்கும்போது, எங்கே வேலை மிச்சமிருக்கிறது என்பதில் ஐயமே எழாது.

ஒரு வரம்பு உண்டு. பிடியருகே அகன்று நுனியை நோக்கி முக்கோணமாகக் குறுகும் கைக்கு இந்த முறை அப்படியே பொருந்தும், ஏனெனில் அது வட்டத்தின் ஒரு பகுதிபோல் வளைய வேண்டும். அகலம் ஒரே சீராக ஓடிக் கனம் மட்டும் குறைந்துகொண்டே போகும் கை, நுனிப் பக்கம் சற்று அதிகமாக வளைவதே முறை. அதற்குப் பென்சிலை அரைக் கைக்கு ஒருமுறை புதிதாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

சுரண்டிய உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மரம் புதிய கனத்துக்குப் பழக, இருபது முப்பது முறை குறைந்த நீளத்துக்கு இழுத்துவிட வேண்டும்; அதன் பிறகுதான் அதன் உண்மையான வளைவு தெரியும். இழுப்பதற்கும் எல்லை உண்டு: முடிந்த வில் எத்தனை பவுண்டாக இருக்க வேண்டுமோ, அந்த எடைக்கு மேல் டில்லர் மரத்தில் ஒருபோதும் இழுக்காதீர்கள், அது வெறும் 12 அங்குல இழுப்பில் வந்துவிட்டாலும் சரி. பெட்டியைத் தொங்கவிட்டு எடைபார்க்கும் சிறிய லக்கேஜ் தராசு இதற்குப் போதும்.

ஒரு கை முழுவதும் மற்றதைவிட விறைப்பாக இருக்கிறது

மேல்கையும் கீழ்கையும் தனித்தனியே சீராக வளைந்தாலும், ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் வளைந்தால், விறைப்பான கையின் வயிறு முழுவதிலும் பிடியிலிருந்து நுனிவரை ஒரே அளவாகச் சுரண்டுங்கள். நாணேற்றிய நிலையில் பிடியின் இரு ஓரங்களில் நாணுக்கும் கைக்கும் உள்ள தொலைவை அளந்தால், மேல்கைப் பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது நல்லது. அம்பு நடுவுக்குச் சற்று மேலே அமர்வதாலும், கீழ்கையை விரல்களின் அழுத்தம் அதிகம் தாக்குவதாலும் கீழ்கை சிறிது விறைப்பாக இருக்கத்தான் வேண்டும். இரண்டையும் சமமாக்கியே தீருவேன் என்று தேய்ப்பது வீண்வேலை.

நாணை அவிழ்த்த பிறகும் வில் நிமிரவில்லை

பெங்களூரில் மிகுதியாகக் காணும் குறை இதுதான். நாண் அவிழ்த்தவுடன் வில்லை நேரான பலகையில் வைத்துப் பார்த்தால் நுனிகள் எய்பவர் பக்கமாகத் தங்கி நிற்கும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வரை தங்குவது எல்லா மரவில்லுக்கும் இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று அங்குலத்தைத் தாண்டினால் வயிற்று நார்கள் நசுங்கிவிட்டன என்று கொள்ளலாம். அம்பின் வேகமும் போய்விடும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எது என்று பிரித்தறிய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே, வளையாத கம்பைப் பிளைவுட் பலகையில் கிடத்தி, அதன் பக்கவாட்டு ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வில்லை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கோட்டை விட்டு விலகினால் அந்த இடம் தன் சக்திக்கு மீறி உழைத்திருக்கிறது. அது கீல் பிழையின் தொடக்கம், மேலே சொன்னபடி மற்ற இடங்களை உழைக்கச் செய்யுங்கள். முழுக் கையும் சீராக விலகினால் குற்றம் வளைவில் இல்லை. மரத்தில் ஈரம் மிகுதி, அல்லது அந்த இழுவை எடைக்கு வில் மிகவும் குறுகலாகவோ குட்டையாகவோ இருக்கிறது.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் சுமார் 6 சதவீதம்; 50 சதவீதத்தில் சுமார் 9; 65 சதவீதத்தில் சுமார் 12; 80 சதவீதத்தில் 16 வரை போகும். வில்லுக்கு ஏற்றது 8 முதல் 10 சதவீதம். பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் மாத மதியங்கள் மரத்தை எலும்புபோல் உலர்த்திவிடுகின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை, குறிப்பாக மழை மிகுந்த செப்டம்பரிலும் அக்டோபரிலும், பால்கனியில் சாத்திவைத்த கம்பு அந்த 8 முதல் 10 சதவீத அளவுக்கு இறங்கவே இறங்காது. ஈரம் கூடும்போது மரம் எல்லாவற்றுக்கும் முன்பாக அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைத்தான் இழக்கிறது. வயிறு நசுங்க அது போதும்.

அளப்பது கடினமில்லை. கம்பின் முனையிலிருந்து அல்லாமல் சில அங்குலம் உள்ளே தள்ளி ஒரு துண்டை அறுத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம் கிடைக்கும். 50 கிராம் துண்டு 45 கிராம் ஆனால், ஈரம் 11 சதவீதம். துண்டு அறுக்க மனமில்லாதவர்கள் முழுக் கம்பையும் ஓரிரு நாளுக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்துவரலாம். ஒரு வாரம் எடை அசையாமல் நின்றால் அது அறையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்தச் சமநிலையே அதிக ஈரத்தில் அமையும் என்பதால், பிளைவுட் பெட்டி ஒன்றில் குண்டு பல்பு எரியவிட்டு, மேலே காற்றுத் துளைகள் வைத்து, கம்பை அதற்குள் வைக்கலாம். வேகவேகமாக உலர்த்தினால் முனைகள் வெடிக்கும்; முனைகளில் பசையோ மெழுகோ தடவிய பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

நசுங்கிவிட்ட வயிற்றை ஓரளவு மீட்க முடியும். வில்லைச் சற்றே எதிர்வளைவுள்ள அச்சில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஹீட் கன்னை வயிற்றிலிருந்து நான்கைந்து அங்குலத் தூரத்தில் பிடித்து, மரம் இளம்பழுப்பாக மாறும் வரை பொறுமையாகச் சூடேற்றிக்கொண்டே நகருங்கள். முழுவதும் ஆறும் வரை அச்சிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்த பிறகும் ஒரு வாரமாவது காற்றில் வைத்து, இழந்த ஈரத்தை அது திரும்பப் பெற்ற பின்பே வளைக்க வேண்டும். சூடு முதுகுக்கு ஏறினால் முதுகு நொறுங்கும் தன்மையடையும். மூங்கில் ஒட்டிய வில்லுக்கு இந்த வைத்தியம் கூடாது, ஒட்டப் பயன்படும் எப்பாக்ஸிப் பசை சூட்டில் இளகிவிடும்.

மழைக்காலத்தில் இழுவை எடை இரண்டு மூன்று பவுண்டு குறைந்து, கோடையில் திரும்ப ஏறினால் அது பிழையே அல்ல. 30, 50 மீட்டர் தூரங்களில் மூங்கில் வில்லால் எய்யும் இந்தியன் ரவுண்டுப் போட்டியில் பங்கேற்பவர்கள் மட்டும், பருவத்துக்கு ஒருமுறை எடையை அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

வயிற்றில் தலைமயிர்போன்ற குறுக்குக் கோடுகள்

விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் முதலில் தெரியும். ரேகைக்குக் குறுக்கே ஓடும் இக்கோடுகள் நார்கள் மடிந்து நசுங்கியதன் அடையாளம். நகத்தை ஓட்டும்போது தட்டுப்படாத அளவில் இருந்தால், கோடுள்ள இடத்தைத் தொடாமல் மற்ற பகுதிகளை மெலித்து, இழுவை எடையைக் குறைத்து வில்லைக் காப்பாற்றலாம். நகம் மாட்டினால் அந்த வில்லை மேலும் இழுக்காதீர்கள். கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து அழிப்பது நிலைமையை மோசமாக்கும். அங்கே கனம் குறைந்து, வளைவு மேலும் அந்த இடத்திலேயே கூடும்.

முதுகில் சிம்பு எழும்புகிறது, அல்லது ‘டிக்’ என்ற ஒலி கேட்கிறது

ஒலி கேட்ட கணமே நாணை மெதுவாக இறக்கி அவிழ்த்துவிடுங்கள். முதுகில் பஞ்சை இழுத்துப் பாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே சிம்பு எழுந்திருக்கிறது. வில் உடையும்போது துண்டுகள் முகத்துக்கு வரும், ஆகையால் கண்ணாடி அணியாமல் சோதிக்க வேண்டாம்.

காரணம் ஏறத்தாழ எப்போதும் ரேகைதான். மைசூர் சாலை மரக்கடைகளில் கிடைக்கும் பலகை, ரம்பத்தின் போக்கில் அறுக்கப்பட்டதே தவிர நாரின் போக்கில் அறுக்கப்பட்டதல்ல. பார்வைக்கு நேரான பலகையிலும் நார் சாய்வாக ஓடி ஓரத்தில் வெளியேறியிருக்கும். ஊற்றுப்பேனா மை ஒரு துளி விட்டால், அது நாரின் போக்கிலேயே நீண்டு பரவி உண்மையைக் காட்டிவிடும். 20 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தப் பலகையை வில்லுக்கு எடுக்காதீர்கள். வயதான ஆசாரிகள் பலகையின் ஓரத்தை ஒருமுறை பார்த்தே, “ரேகை ஓடிப்போகுது தம்பி, இதுல வில்லு நிக்காது” என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் காடுகளின் மரங்களில் தடசு இதற்குப் பேர்போனது. சடச்சி என்றும் சொல்வார்கள், கன்னடத்தில் தடசலு, வடக்கே தாமன். வண்டி ஏர்க்காலுக்கும் கருவிக் காம்புக்கும் வில்லுக்கும் உழைத்த, வளைந்து கொடுக்கும் மரம். பிளந்தெடுத்த கம்பு கிடைத்தால், பட்டைக்கு அடியில் உள்ள இயற்கைப் பரப்பையே முதுகாக வைத்துக்கொண்டால் ரேகை அறுபடும் பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரர் சொல்லும் பெயரில் ஐயம் இருந்தால், மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மர இனத்தைச் சோதித்துச் சொல்லும் வசதி உண்டு.

சிம்பு தீக்குச்சியைவிட மெல்லியதாக, ஓரத்தில் மட்டும் எழுந்திருந்தால், நீர்போன்ற உடனடிப் பசையை அடியில் ஊறவிட்டு, அழுத்தி ஒட்டி, உலர்ந்ததும் அதன் மேலும் கீழும் இரண்டு அங்குலம் வரை பட்டு நூலாலோ சணல் நாராலோ நெருக்கமாகச் சுற்றிப் பசையிடுங்கள். பல இடங்களில் மெல்லிய சிம்புகள் தெரிந்தால் முதுகு முழுவதும் பட்டுத்துணியோ பதனிடாத தோலோ ஒட்டலாம். வெடிப்பு கையின் பாதி அகலத்தைத் தாண்டிக் குறுக்கே போயிருந்தால் எந்தச் சுற்றும் காப்பாற்றாது. அதைப் பிறர் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

நாண் பிடியின் நடுவே ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது

முதலில் நாண் பள்ளங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் அறுக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பல வில்களில் தவறு அதோடு முடிந்துவிடும். அது சரியாக இருந்தால், கையின் ஒரு விளிம்பு மற்றதைவிடக் கனமாக இருக்கிறது. நுனி எப்போதும் மெலிந்த விளிம்பின் பக்கமாக நகரும். வயிற்றுப் பக்கமிருந்து பார்க்கையில் நுனி இடப்புறம் போயிருந்தால், வலப்புற விளிம்பில்தான் சுரண்ட வேண்டும். எந்தக் கை குற்றவாளி என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அந்தக் கையில் மட்டும் வேலை செய்யுங்கள். மரமே இயற்கையாக முறுக்கிக்கொண்டிருந்தால் சுரண்டிப் பயனில்லை. முறுக்கிய இடத்தை ஆவியிலோ உலர்சூட்டிலோ இளக்கி, எதிர்ப்புறம் சற்று மிகையாகத் திருப்பிப் பிணைத்து ஆறவிட வேண்டும்.

கடைசி இரண்டு அங்குலத்தில் இழுவை திடீரென ஏறுகிறது

நுனியில் நாணும் கையும் சேரும் கோணம் 90 டிகிரியைத் தாண்டிவிட்டது. வில் குட்டையாக இருக்கலாம், அல்லது நுனிப் பக்கம் மட்டுமே வளைந்து நடுப்பகுதி சும்மா நிற்கலாம். இரண்டாவது காரணமென்றால் பிடியை அடுத்த பகுதியை மெலித்துச் சரிசெய்யலாம். முதல் காரணத்துக்கு மருந்தில்லை; இழுப்பு நீளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது உயரம் குறைந்தவருக்கு அந்த வில்லைக் கொடுக்க வேண்டும். 28 அங்குலம் இழுப்பவருக்குப் பிடி வளையாத வில் 64 முதல் 66 அங்குலம் வரை இருக்கட்டும்.

எய்தவுடன் வில்லைப் பிடித்த கை அதிர்கிறது, நாண் மணிக்கட்டில் அடிக்கிறது

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் நுனியின் பாரம். கடைசி ஆறு அங்குலத்தை இரு பக்கங்களிலிருந்தும் குறுக்கி, நாண் பள்ளத்தருகே 12 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கனத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மணிக்கட்டில் அடிப்பது நாண் மிகவும் தாழ்வாக இருப்பதால்: பிடிக்கும் நாணுக்கும் ஆறு அங்குலம் இருக்கும்படி நாணை முறுக்கிக் குறுக்குங்கள். புதிய டேக்ரான் (செயற்கை இழை) நாண் முதல் சில நாட்களில் நீளும் என்பதால் இதை இரண்டு மூன்று முறை செய்யவேண்டி வரும்.

மூங்கில் முதுகு ஒட்டிய இடத்தில் பிளக்கிறது

மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே அடர்ந்திருப்பதால், தோல்பக்கம் முதுகாகவும், சீவிய உட்பக்கம் ஒட்டும் முகமாகவும் இருக்க வேண்டும். பிளவு நுனியில் தொடங்கினால், பெரும்பாலும் ஒட்டும் முகங்கள் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கியதால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிட்டது. எப்பாக்ஸிக்குச் சிறிதளவு இடைவெளி வேண்டும். பிதுங்கும் பசை விளிம்பு முழுவதும் மெல்லிய மணிகளாகத் தெரிந்தால் இறுக்கம் போதும். எண்ணெய்ப் பசையுள்ள மரமென்றால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைத்து, ரம்பப் பல்லால் நீளவாக்கில் கீறி, உடனே ஒட்டுங்கள். ஓர் அங்குலத்துக்குட்பட்ட பிளவில், மெல்லிய தகட்டால் பசையை உள்ளே செலுத்தி, இறுக்கி, நூல் சுற்றலாம். அதற்கு மேல் போனால் மூங்கிலை முழுவதும் இழைத்தெடுத்துவிட்டு, அடிமரம் இன்னும் போதிய கனத்தில் இருக்கிறதா என்று அளந்து, இருந்தால் புதிய மூங்கில் பட்டையை மழை ஓய்ந்த உலர்ந்த வாரத்தில் ஒட்டுங்கள்.